ஆய்வுக்கு முதல் பங்கு, முதலீட்டாளருக்கு அடுத்த பங்கு

பள்ளித் திடலில் ஓடும் மாணவர்கள் சிலரின் மணிக்கட்டில் இன்று விளையாட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறோம். அதன் அடிப்பகுதியில் பச்சை விளக்கு மின்னும். இரத்தம் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும். ஒவ்வோர் இதயத் துடிப்பிலும் மணிக்கட்டுக்கு வரும் இரத்தம் கூடுவதால், தோலிலிருந்து திரும்பி வரும் ஒளி சற்றுக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணியே கடிகாரம் இதயத் துடிப்பைச் சொல்கிறது. ஆனால் ஓடும்போது கை ஆடுவதாலும் ஒளி ஏறி இறங்கும். எது துடிப்பு, எது அசைவு என்று பிரித்தறியப் பல ஆண்டு ஆய்வு வேண்டும். ஆய்வுக்குப் பணம் வேண்டும்.

அந்தப் பணத்துக்கு இன்னொரு தரப்பும் காத்திருக்கிறது. அவர்கள்தான் பங்குதாரர்கள். நிறுவனம் தன் லாபத்தில் ஒரு பகுதியை அவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதை லாப ஈவு என்கிறோம். ஊழியர் சேமநிதி வாரியம் ஆண்டுதோறும் அறிவிக்கும் லாப ஈவைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். பங்குச் சந்தையில் உள்ள ஒரு தொழில்நுட்ப நிறுவனம் ஈவு கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கொடுப்பதா, கொடுத்தால் எவ்வளவு என்பதை ஆண்டுக்கு ஆண்டு அதுவே முடிவு செய்கிறது.

தொழில்நுட்ப நிறுவனம் ஈவு கொடுக்கத் தொடங்கினால் அதனிடம் புதிய யோசனைகள் தீர்ந்துவிட்டன என்று சிலர் கருதுகிறார்கள். இந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. இரண்டு நிறுவனங்களின் கதையே அதற்குக் காரணம்.

முதலாவது, கார்மின். கேரி பரெல், மின் காவ் ஆகிய இரு பொறியாளர்கள் 1989-இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம் இது. 2003-இல் ஓட்டக்காரர்களுக்கான ஃபோர்ரன்னர் கருவியை அறிமுகம் செய்த அதே ஆண்டில், முதல் ஈவையும் கொடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அதன் பெரிய வருமானம் காருக்கான வழிகாட்டிக் கருவிகளிலிருந்து வந்தது. கைத்தொலைபேசியே வழிகாட்டத் தொடங்கியதும் அந்த விற்பனை சரிந்தது. 2008-இல் ஏறக்குறைய 3.5 பில்லியன் டாலராக இருந்த ஆண்டு வருமானம் 2011-இல் சுமார் 2.8 பில்லியனாக இறங்கியது. ஆனாலும் கார்மின் ஈவையும் நிறுத்தவில்லை, ஆய்வையும் நிறுத்தவில்லை.

அதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 2015 முதல் 2018 வரை மூன்று ஆண்டுகள், காலாண்டு ஈவு ஒரு பங்குக்கு 51 சென்ட் என்ற அளவிலேயே நின்றது. ஆய்வுச் செலவோ 2015-இல் சுமார் 430 மில்லியன் டாலரிலிருந்து 2017-இல் 510 மில்லியனுக்கு உயர்ந்தது. 2023-இல் வருமானம் 5.2 பில்லியன் டாலர். அதில் ஏறக்குறைய 17 விழுக்காடு, அதாவது சுமார் 900 மில்லியன், ஆய்வுக்குப் போனது. பங்குதாரர்களுக்குச் சென்ற ஈவு சுமார் 560 மில்லியன். பெரிய பங்கு ஆய்வுக்கே கிடைத்தது.

இரண்டாவது, ஃபிட்பிட். 2007-இல் தொடங்கிய இந்நிறுவனம் 2015-இல் ஒரு பங்கு 20 டாலர் என்ற விலையில் பங்குச் சந்தைக்கு வந்தது. அது ஈவே கொடுத்ததில்லை. ஆய்வுக்கும் நிறையச் செலவிட்டது. இருந்தும் போட்டி கடுமையானதும் 2016-இல் நட்டத்தில் விழுந்தது. 2019-இல் ஒரு பங்குக்கு 7.35 டாலர் கொடுத்து வாங்கிக்கொள்ள கூகுள் முன்வந்தது. 2021 தொடக்கத்தில் ஃபிட்பிட் கைமாறியது.

ஆகவே ஈவு கொடுத்தால் வெற்றி, கொடுக்காவிட்டால் தோல்வி என்று எழுதிக்கொள்ளலாமா? கூடாது. இரண்டே மாதிரிகளை வைத்து விதி எழுதக்கூடாது என்பதை அறிவியல் கூடத்தில் படித்திருக்கிறோம். கார்மினுக்கு விமானக் கருவி, படகுக் கருவி என்று வேறு வருமானங்களும் இருந்தன. ஃபிட்பிட்டுக்கு மணிக்கட்டை விட்டால் வேறு வழி குறைவு. ஆனால் ஒரு விதியைத் தவறென்று காட்ட ஓர் எதிர் உதாரணமே போதும். ஈவு கொடுப்பது ஆய்வைக் கொன்றுவிடும் என்ற பேச்சுக்குக் கார்மின் எதிர் உதாரணம். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டாலே எதிர்காலம் பாதுகாப்பாகிவிடும் என்ற பேச்சுக்கு ஃபிட்பிட் எதிர் உதாரணம்.

என் கருத்து இதுதான். எது முதலில் என்ற வரிசையே முக்கியம். இளம் நிறுவனம் ஈவைப் பற்றி நினைக்கவே வேண்டாம்; அதற்கு ஒவ்வொரு வெள்ளியும் விதைநெல். வளர்ந்த நிறுவனம் ஆய்வுக்கு உரியதை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியிலிருந்து ஈவு கொடுக்கலாம். அதையும் நல்ல ஆண்டின் லாபத்தைப் பார்த்து நிர்ணயிக்காமல், மோசமான ஆண்டிலும் தாங்கக்கூடிய அளவில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈவைக் காப்பாற்றுவதற்காக ஆய்வுக்கூடத்தின் விளக்கை அணைக்கும் நாள் வரும். அதன் விளைவு பங்குதாரருக்கு உடனே தெரியாது. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, போட்டியாளரின் கடிகாரம் இதயத் துடிப்பை இன்னும் சரியாகச் சொல்லும்போதுதான் தெரியும்.

எனவே, ஒரு நிறுவனம் ஈவை உயர்த்தியது என்ற செய்தியைப் படித்தால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அதே ஆண்டு அறிக்கையில் ஆய்வுச் செலவு என்ற வரியையும் தேடிப் பாருங்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், அந்த நிறுவனம் நாளையை எவ்வளவு நம்புகிறது என்பது புரியும்.