‘ஹாப்புஸ் கிரா’ என்றால் கடன் தீர்ந்துவிட்டதா?

தமிழில் ‘தள்ளுபடி’ என்ற சொல்லுக்கு வேலை அதிகம். தீபாவளிக்குத் துணிக்கடையில் கிடைப்பது தள்ளுபடி. நீதிமன்றத்தில் வழக்கு தோற்றால் தள்ளுபடி. 2021-இல் தமிழ்நாடு அரசு விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனை ரத்து செய்ததும் தள்ளுபடிதான். அந்த விவசாயிகள் அந்தக் கடனைத் திரும்பக் கட்ட வேண்டியதில்லை.

நம் நாட்டு வங்கி ஒருவரின் கடன்பற்று அட்டைக் கணக்கை ‘ஹாப்புஸ் கிரா’ செய்தால் அதையும் நாம் தள்ளுபடி என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பாகான் டாலாமில் மாலை வேளைகளில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். “கார்டு கடனை பேங்க் விட்டுட்டான் சார், இப்பல்லாம் போனே வர்றதில்ல” என்று வீட்டில் கேட்ட பேச்சை அவர்கள் என்னிடம் சொல்வதுண்டு. போன் வருவது நின்றால் கடனும் நின்றுவிட்டது என்ற நம்பிக்கை நம் குடும்பங்களில் ஆழமாக இருக்கிறது. அது தவறு என்பதை நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

முதலில், வங்கி என்ன செய்கிறது? மூன்று மாதத் தவணை நிலுவையில் நின்றால் அந்தக் கணக்கு வாராக் கடனாக வகைப்படுத்தப்படும். அதன்பிறகும் பணம் வரும் என்ற நம்பிக்கை இல்லாதபோது, வங்கி அதைத் தன் சொத்துக் கணக்கிலிருந்து எடுத்து நட்டமாக எழுதிவிடும். வராத பணத்தை இருப்பதாகக் காட்டக்கூடாது என்பதற்காகச் செய்யும் கணக்கியல் வேலை இது. மாறுவது வங்கியின் ஏடு மட்டுமே. வாடிக்கையாளர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது. வங்கி தொடர்ந்து வசூலிக்கலாம், வழக்குப் போடலாம், வாராக் கடன்களை வாங்கும் நிறுவனத்திடம் விற்றும் விடலாம்.

அடுத்து, இது அறிக்கையில் எப்படித் தெரியும்? பேங்க் நெகாராவின் கடன் தகவல் முறையான சிசிரிஸ் 2001 முதல் இயங்கிவருகிறது. அதில் உங்கள் ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரிசை இருக்கும். கடைசி 12 மாதங்களும் கட்டம் கட்டமாக வரும். கட்டத்தில் 0 என்றால் நிலுவை இல்லை. 1 என்றால் ஒரு மாத நிலுவை, 3 என்றால் மூன்று மாத நிலுவை. மோசமான நிலைக்குப் போன கணக்குகள் ‘சிறப்புக் கவனக் கணக்கு’ என்ற தனிப் பகுதியில் நிற்கும். சிடோஸ் போன்ற தனியார் நிறுவனங்கள் நீதிமன்ற வழக்குகள் முதலியவற்றையும் சேர்த்து, 300 முதல் 850 வரை ஒரு புள்ளியும் தருகின்றன.

“கருப்புப் பட்டியலில் போட்டுவிட்டார்கள்” என்று சொல்வது வழக்கம். சிசிரிஸில் கருப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லை. அது யாருக்கும் கடன் கொடு என்றோ கொடுக்காதே என்றோ சொல்வதில்லை. எண்களைக் காட்டுகிறது, முடிவை வங்கி எடுக்கிறது. “திவாலாகும் அளவுக்கு நமக்குக் கடன் இல்லையே” என்று சிலர் ஆறுதல் அடைவார்கள். நொடிப்பு வழக்குக்கு 100,000 ரிங்கிட் கடன் இருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால், மோட்டார் சைக்கிள் கடனோ வீட்டுக் கடனோ மறுக்கப்பட 5,000 ரிங்கிட் பழைய நிலுவையே போதும்.

அந்த 5,000 எப்படிச் சேர்கிறது என்பதையும் பாருங்கள். ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி என்றால் ஒரு மாத வட்டி 75 ரிங்கிட். குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காட்டை, அதாவது 250 ரிங்கிட்டைக் கட்டினால் அசலில் குறைவது 175 ரிங்கிட்தான். அதையும் கட்டத் தவறினால் தாமதக் கட்டணம் வேறு ஏறும்.

மற்ற நாடுகளிலும் நிலைமை இதுதான். அமெரிக்காவில் அட்டைக் கடன் 180 நாள் செலுத்தப்படாமல் இருந்தால் வங்கி அதை நட்டமாக எழுதிவிடும். அந்தக் குறிப்பு ஏழு ஆண்டுகள் அறிக்கையில் இருக்கும். பிறகு முழுத் தொகையைக் கட்டினாலும் ‘கட்டப்பட்டது’ என்று சேர்ப்பார்களே தவிர, குறிப்பை எடுக்கமாட்டார்கள். அதோடு ஒப்பிட்டால், 12 மாதக் கட்டங்களைக் காட்டும் நம் முறை திருந்த நினைப்பவருக்கு நல்ல வாய்ப்பு என்பேன். நிலுவையைத் தீர்த்து, ஓராண்டு தவறாமல் செலுத்தினால் பன்னிரண்டு சுழியங்கள் உங்களுக்காகப் பேசும்.

“கடனே வாங்காமல் இருந்தால் அறிக்கை சுத்தமாக இருக்குமே, சார்?” என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. தேவையில்லாத கடன் வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், வெற்று அறிக்கை ஒருவரின் ஒழுங்கை வங்கிக்குக் காட்டாது. சிறிய கடனை வாங்கி ஒழுங்காகச் செலுத்தியவருக்கே அங்கு நம்பிக்கை கிடைக்கிறது.

வீட்டில் யாருக்காவது இப்படிப்பட்ட பழைய கணக்கு இருந்தால், பயப்படாமல் சிசிரிஸ் அறிக்கையை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கடன் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதை உறுதிப்படுத்தாமல் யாருக்கும் பணம் கட்டக்கூடாது. குறைத்துத் தீர்க்கப் பேசினால், கடன் முழுமையாகத் தீர்ந்தது என்ற கடிதத்தைக் கையில் வாங்க வேண்டும். தகவல் தவறாக இருந்தால், அதைக் கொடுத்த வங்கியிடமே திருத்தக் கேட்கலாம். கட்ட முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு, பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய ஏகேபிகே இலவசமாக ஆலோசனை தருகிறது. அங்கே போவது அவமானம் அல்ல.

2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பயனீட்டாளர் கடன் சட்டம், கடன் வசூலிப்பு நிறுவனங்களையும் வாராக் கடன்களை வாங்கும் நிறுவனங்களையும் கண்காணிப்பின் கீழ் கொண்டுவருகிறது. வரவேற்க வேண்டிய சட்டம். ஆனால், தன் அறிக்கையை வாசிக்கத் தெரியாதவருக்கு எந்தச் சட்டமும் பாதி உதவிதான் செய்யும்.

படிவம் 3 கணிதப் பாடத்தில் கடனும் வட்டியும் இருக்கின்றன. அந்தப் பாடம் நடக்கும் வாரத்தில், பெயர் நீக்கிய மாதிரி அறிக்கை ஒன்றை மாணவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்ல ஆசிரியர்கள் முன்வர வேண்டும். 21 வயதில் முதல் அட்டைக்கான விண்ணப்பம் உங்கள் முன் வரும்போது, அந்தக் கட்டங்களில் என்ன எண் விழும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.