பல பணி செய்த மணிக்கோபுரம்

மணி ஒலிப்பதற்கென்றே எழுப்பப்பட்டது மணிக்கோபுரம் என நாம் எண்ணுகிறோம். ஆயினும், ஒரு கட்டடத்தின் பயனை அதன் பெயரைக் கொண்டு மட்டும் அளந்துவிட இயலாது. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவிலுள்ள தூய ஸ்டீபன் பேராலயத்தின் தெற்குக் கோபுரம் இதற்குத் தக்க சான்று.

1433ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற இக்கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 136 மீட்டர். இதில் 343 படிகள் ஏறினால் காவலர் அறையை அடையலாம். வீடுகள் நெருங்கியிருந்த பழைய நகரங்களுக்குத் தீயே பெரும்பகை. எனவே, காவலர் இரவும் பகலும் இங்கிருந்து நகரைக் கண்காணித்தனர். புகை தென்பட்டால் மணியடித்து எச்சரித்தனர். தீ எழுந்த திசையைப் பகலில் கொடியாலும் இரவில் விளக்காலும் காட்டினர். இப்பணி 1955 வரை நீடித்தது.

1683இல் உதுமானியப் படை வியன்னாவை முற்றுகையிட்டபோது, தளபதி ஸ்டார்ஹெம்பெர்க் பகைவரின் நகர்வுகளை இக்கோபுரத்திலிருந்தே நோக்கினார். நகர மக்களின் இடர்நிலையை உணர்த்த இங்கிருந்து வாணங்கள் ஏவப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரியா நிலங்களை அளந்து வரைபடமாக்கியபோது, இக்கோபுரமே அளவைக்குரிய தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாயிற்று.

கோபுரத்தில் தொங்கிய ‘பும்மெரின்’ என்னும் பெருமணிக்கும் ஒரு வரலாறு உண்டு. உதுமானியரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி, 1711இல் அது வார்க்கப்பட்டது. அழிவுக்கெனப் பிறந்த உலோகம் அழைப்பொலியாக மாறியது. 1945 ஏப்ரலில், நூற்றாண்டுகளாகப் பிறர் வீட்டுத் தீயைக் கண்டுரைத்த பேராலயத்தையே தீ பற்றியது. பெருமணி வீழ்ந்து சிதறியது. மக்கள் அத்துண்டுகளை எறிந்துவிடவில்லை. அவற்றையும் சேர்த்து 1951இல் 20 டன்னுக்கும் மிகுந்த எடையில் புதிய மணியை வார்த்தனர். இன்று வடக்குக் கோபுரத்தில் உள்ள அம்மணி, ஆண்டின் பிறப்பை அறிவிக்கிறது.

‘காவலுக்கும் மணிக்கும் இனித் தேவை ஏது? பழையதைப் பேணும் பொருளைக் கொண்டு புதியது கட்டலாமே’ என்று வினவுவோர் உளர். செலவைக் கருதும் அவர்தம் கவலை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும், ஒன்றை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இக்கோபுரத்துக்குக் கல் அடுக்கிய தொழிலாளர், பிற்காலத்தில் நில அளவையாளர் இதனைக் குறியாகக் கொள்வர் என்று அறிந்திருப்பரா? ஒரு கட்டடத்தின் எல்லாப் பயன்களையும் அதனைக் கட்டிய தலைமுறை அறிவதில்லை, நாமும் அறியோம். ஆதலின், இன்றைய பயன் முடிந்தது என்று ஒன்றை இடிக்கும்போது, நேற்றைய நினைவோடு நாளைய பயனையும் சேர்த்தே இடிக்கிறோம்.

பழங்கட்டடம் ஒன்றைக் காணும்போது, ‘இஃது எதற்கு?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘இஃது எவற்றுக்கெல்லாம் உதவியது?’ என்றும் கேளுங்கள். பாதுகாப்பு அவ்வினாவிலிருந்தே தொடங்குகிறது.