வழக்காடிய பெண்ணின் குரல்



அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருச்சமுகத்தில் கவ்லா (ரலி) என்னும் பெண்மணி வந்து நின்றார். மனைவியைத் தாய்க்கு ஒப்பிட்டுக் கூறி விலக்கிவிடும் அக்கால அரபு வழக்கப்படி கணவர் தம்மை ஒதுக்கிவிட்டதை எடுத்துரைத்து, நியாயம் கேட்டு வாதாடினார். அந்த ஏழைப் பெண்ணின் முறையீட்டைத் தான் செவியுற்றதாக இறைவன் அறிவிப்பதே திருமறையின் 58ஆம் அத்தியாயத்தின் தொடக்கமாகும். 'அல்முஜாதிலா', அதாவது வழக்காடியவள் என்பதே அவ்வத்தியாயத்தின் பெயர். பிற்காலத்தில் மூதாட்டியாகிவிட்ட அப்பெண்மணி கலீஃபா உமர் (ரலி) அவர்களை வழிமறித்து அறிவுரை கூறியபோது, அல்லாஹ் செவிமடுத்த குரலை உமர் செவிமடுக்காதிருப்பதா என்று கருதி, அவர்கள் நின்று கேட்டார்கள்.

நீதி கேட்கும் பெண்ணுக்கு மார்க்கம் அளித்த இடம் இதுவாகும். நம் காலத்தில் அத்தகைய குரல் எழுந்தபோது நாம் அதற்கு எந்த இடத்தை அளித்தோம்? பாகிஸ்தானின் லாகூர் நகரில் வாழ்ந்து 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் மறைந்த வழக்கறிஞர் அஸ்மா ஜஹாங்கீரின் வாழ்க்கை இவ்வினாவை நம் முன் வைக்கிறது.

1952இல் பிறந்த அவர், இருபது வயது நிரம்பும் முன்னரே நீதிமன்றப் படியேறியவர். இராணுவ ஆட்சிச் சட்டத்தின் கீழ்ச் சிறைவைக்கப்பட்ட தம் தந்தைக்காக அவர் தொடுத்த வழக்கில், யஹ்யா கான் ஆட்சியைக் கைப்பற்றியது சட்டவிரோதமென்று 1972இல் பாகிஸ்தான் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னரே அவர் சட்டம் பயின்று வழக்கறிஞரானார்.

1979இல் ஜியாவுல் ஹக்கின் ஆட்சி ஹுதூது சட்டங்களைப் பிறப்பித்தது. அதன் விளைவைக் கேளுங்கள். வன்புணர்ச்சிக்கு ஆளானதாக முறையிட்ட கண்பார்வையற்ற பணிப்பெண் ஒருத்திக்கு, அவள் கருவுற்றிருந்ததையே சான்றாகக் கொண்டு, மூன்றாண்டுச் சிறையும் பதினைந்து கசையடியும் விதிக்கப்பட்டன. குற்றஞ்சாட்டப்பட்ட ஆடவரோ விடுவிக்கப்பட்டனர்! அஸ்மாவும் அவரோடு நின்ற பெண்களும் இக்கொடுமையை எதிர்த்துக் குரலெழுப்பினர். 1983இல் மத்திய ஷரீஅத் நீதிமன்றமே அத்தீர்ப்பை நீக்கிற்று.

மதரஸாவில் ஃபிக்ஹுக் கலையை ஓதியவர் எவரும் இங்கே திடுக்கிட வேண்டாமா? கருவுற்றிருத்தல் ஒன்றையே விபசாரத்திற்குச் சான்றாக ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகள் ஏற்பதில்லை. வற்புறுத்தப்பட்டவள் மீது தண்டனை இல்லை என்பது இமாம்களின் ஒருமித்த முடிவு. ஐயம் எழுந்தால் ஹத்துத் தண்டனை விலகிவிடும் என்பது நாம் மனனம் செய்த விதி. நான்கு சாட்சிகள் வேண்டுமென்று திருமறை விதித்ததும், கற்புடைய பெண்களை அவதூறிலிருந்து காப்பதற்கன்றோ? காக்க வந்த கேடயத்தைக் கொண்டே அவளைத் தாக்கினர். இதை உரத்துச் சொல்ல வேண்டிய கடமை உலமாக்களாகிய எம்முடையது. எம்மில் பலர் வாய்மூடி நின்ற வேளையில், மதரஸா வாயிலை மிதிக்காத ஒரு பெண் அதைச் சொன்னார்.

அவருக்குக் கிடைத்ததென்ன? மார்க்க விரோதி என்னும் பட்டம், கொலை மிரட்டல், சிறைவாசம். 1995இல் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த ஒரு கிறிஸ்தவச் சிறுவனுக்காக வாதாடி விடுதலை பெற்றுத் தந்தபோது அவர் உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. 2007இல் முஷர்ரஃப் நெருக்கடி நிலையை அறிவித்தபோது வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். ஆயினும் அவர் தளரவில்லை. 2006இல் வன்புணர்ச்சிக் குற்றம் ஹுதூது சட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, பொதுக் குற்றவியல் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. 2010இல் உச்சநீதிமன்ற வழக்கறிஞர் சங்கத்தின் முதல் பெண் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவருடைய எல்லாக் கருத்துகளும் எமக்கு உடன்பாடானவை அல்ல. அரசும் மார்க்கமும் அறவே விலகி நிற்க வேண்டும் என்ற அவர் கொள்கையில் யாம் வேறுபடுகிறோம். ஆனால், கருத்து வேற்றுமை வேறு. நியாயத்தை மறுப்பது வேறு. ஒரு கூட்டத்தார் மீது கொண்ட வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் எச்சரிப்பதை நாம் மறந்துவிடலாகாது. சொன்னவர் யார் என்று பார்த்துச் செவியை மூடிக்கொள்வோமானால், அந்தக் கண்ணற்ற பெண்ணுக்கு மறுமை நாளில் நாம் என்ன விடை பகர்வோம்?

சிந்தியுங்கள் அன்பர்களே! உங்கள் மஹல்லாவிலும் ஒரு பெண் முறையீட்டுடன் வந்து நிற்கலாம். கவ்லாவின் குரலைக் கேட்க உமர் (ரலி) அவர்கள் நின்றதுபோல் நாமும் சற்றே நின்று கேட்போமாக! அதற்குரிய உள்ளத்தை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.