கலயத்தில் தடவும் சுண்ணாம்பு

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி அதைப் பாளையில் கட்டினால், மறுநாள் விடியலில் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் கள். மரமும் பாளையும் ஒன்றுதான். நடுவில் ஒரு சுண்ணாம்புப் பூச்சு மட்டும்தான் வித்தியாசம். உடன்குடிப் பக்கத்துப் பனையேறிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் இந்த வேலையில் சர்க்கரை வேதியியலின் பாதிப் பாடம் இருக்கிறது.

பாளையில் சொட்டும் சாற்றின் இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ். கரும்பிலிருந்து எடுக்கும் வெள்ளைச் சர்க்கரையும் அதேதான். ஒரு குளுக்கோஸும் ஒரு பிரக்டோஸும் இணைந்தது சுக்ரோஸ். அப்படி இணையும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்றுவிடும். மூலக்கூறு எடைக் கணக்கு துல்லியமாக ஒத்துவரும்: 180-ம் 180-ம் 360, தண்ணீரின் 18 போக, சுக்ரோஸ் 342. பிரிய வேண்டுமென்றால் போன தண்ணீர் திரும்பி வர வேண்டும். அதனால் 342 கிராம் சர்க்கரை முழுக்கப் பிரிந்தால் 360 கிராம் எளிய சர்க்கரை கிடைக்கும்.

சேர்ப்பதுதான் கடினம். குளுக்கோஸையும் பிரக்டோஸையும் தண்ணீரில் கரைத்து எத்தனை நாள் வைத்திருந்தாலும் அவை தாமாகச் சுக்ரோஸ் ஆகிவிடாது. அதற்கு ஆற்றல் வேண்டும். செடி அதை வெயிலிலிருந்து எடுத்து, குளுக்கோஸை முதலில் வேறொரு மூலக்கூறோடு பிணைத்துத் தயார் செய்துகொண்டு, பிறகுதான் அடுத்த சர்க்கரையோடு சேர்க்கிறது. இந்த வழியைக் கண்டுபிடித்ததற்காக அர்ஜென்டினாவின் லூயிஸ் லெலுவாருக்கு 1970-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் இன்னும் பெரிதாக வர வேண்டும் என்பது என் ஆசை.

பிரிப்பதோ எளிது. கொஞ்சம் புளிப்பும் சூடும் போதும். ஜீரா பூத்துப்போகாமல் இருக்க இனிப்பு மாஸ்டர்கள் எலுமிச்சைச் சாறு விடுவது இதற்காகத்தான். சுக்ரோஸில் ஒரு பங்கு உடைந்து கலந்துவிட்டால் மீதியும் லேசில் படிகமாகாது. காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்ட்டுக்குச் சூடும் வேண்டாம். இன்வர்டேஸ் என்ற நொதியைச் சுரந்து சுக்ரோஸை உடைத்து, உடைந்ததைத் தின்று சாராயமாக மாற்றிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட்டுக்குப் பிழைப்பு இல்லை; புளிப்பும் ஏறாது.

சுண்ணாம்பின் அருமை, பதநீரைக் கருப்பட்டியாகக் காய்ச்சும் விடிலியில்தான் தெரியும். கலயத்தில் சுண்ணாம்பு குறைந்து பதநீர் புளித்திருந்தால், காய்ச்சும்போது அந்தப் புளிப்பே சூட்டோடு சேர்ந்து சுக்ரோஸை மேலும் உடைக்கும். உடைந்த சர்க்கரை ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கெட்டியாகக் காய்ச்சிய பாகான கூப்பனியைச் சிரட்டையில் ஊற்றினாலும் கட்டியாகாமல் பிசுபிசுவென்று நிற்கும். விடிகாலையில் ஏறி இறங்கிய உழைப்பும் எரித்த விறகும் வீண். நன்றாக இறுகிய ஒரு கருப்பட்டி என்றால், அதிலுள்ள சுக்ரோஸ் உடையாமல் காப்பாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள்.

கருப்பட்டி விரும்பிகளிடம் நான் சொல்ல விரும்புவதும் இதுதான். “சர்க்கரையை விட்டுட்டேன், கருப்பட்டிக் காபிதான்” என்று நீரிழிவுக்காரர்கள் சொல்லக் கேட்கிறேன். பனையேறி கட்டிக் காத்த அந்த இணைப்பை நம் சிறுகுடல் சற்று நேரத்தில் உடைத்துவிடும். குடல் சுவரிலுள்ள சுக்ரேஸ் நொதிக்குப் பனைச் சுக்ரோஸ், கரும்புச் சுக்ரோஸ் என்ற பாகுபாடு கிடையாது. பிரிந்து வரும் குளுக்கோஸ் நேராக ரத்தத்துக்குப் போகும். கருப்பட்டியில் தாது உப்புகள் உண்டு, தனி மணம் உண்டு, அதை வாங்கினால் பனைத்தொழிலாளிக்குக் கூலி உண்டு. ருசிக்காக வாங்குங்கள், அவர்களுக்காகவும் வாங்குங்கள். ஆனால் சர்க்கரை நோய் இருந்தால், டம்ளரில் போடும் ஒவ்வொரு துண்டையும் சர்க்கரைக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.