கணக்கில் ஏறாத சகதி



திருமுல்லைவாயிலில் ரயிலேறி வங்கிக்குப் போகிற குமாஸ்தா நான். கடன் கோப்பில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இருக்கிறதா என்று பார்த்து ‘டிக்’ அடிப்பேன். ஆலைக்குப் பின்னால் ஓடுகிற கால்வாயைப் பார்த்ததில்லை. பார்க்கச் சொல்லி எவரும் சொன்னதுமில்லை.

பங்குச்சந்தையின் முதல் 1000 கம்பெனிகள் தண்ணீர், கழிவு, புகைக்கெல்லாம் கணக்கு எழுத வேண்டுமென்று 2022-23 முதல் செபி கட்டாயமாக்கியிருக்கிறது. எழுதட்டும். பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகளில் அநேகம் அந்தப் பட்டியலிலேயே வராது. கெடுத்தவன்தான் ஈடு கட்ட வேண்டும் என்று அவர்கள் விஷயத்தில் உச்சநீதிமன்றம் சொன்னது 1996இல். சரி, கழிவுநீரைச் சுத்தம் பண்ணியாச்சு. பிரித்தெடுத்த சகதி எங்கே போகும்? 2015 ஜனவரி 31, நள்ளிரவு தாண்டி, ராணிப்பேட்டை சிப்காட் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சகதித் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் 10 பேர் செத்தார்கள். அநேகரும் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

குரோமை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம். தோலிலிருக்கும் உப்பை உதறிவிட்டு ஊறவைக்கலாம். வழி தெரியாமலா இருக்கிறார்கள்! தொட்டியில் இறங்குவது யாரென்று சேரியில் கேளுங்கள், சொல்வார்கள். கடன் கோப்பில் இசைவாணையோடு அந்த ஆளின் வாக்குமூலமும் இருக்க வேண்டுமென்று அடுத்த சங்கக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன்.