கூலி ஏறினால் விலை ஏறுமா?

கூலி உயர்வு கேட்டுப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போதெல்லாம் முதலாளி தரப்பில் ஒரே பதில்தான் வருகிறது: கூலியை ஏற்றினால் சரக்கு விலையை ஏற்ற வேண்டிவரும், கடைசியில் திண்டாடப்போவது நீங்கள்தான்.

முதலாளி இப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் 1865இல், லண்டனில் சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் பொதுக்குழுவில், ஜான் வெஸ்டன் என்ற தச்சுத் தொழிலாளியே இதைச் சொன்னார். கிண்ணத்தில் உள்ள சூப் இவ்வளவுதான், கரண்டியைப் பெரிதாக்கினால் சூப் கூடிவிடாது என்பது அவர் வாதம். அந்த ஜூன் மாதத்தில் இரண்டு கூட்டங்களில் கார்ல் மார்க்ஸ் விடையளித்தார். கிண்ணத்தில் நாட்டின் உழைப்பு முழுவதும் விளைந்து கிடக்கிறது, தொழிலாளியின் கரண்டிதான் சின்னது என்றார்.

சரக்கின் மதிப்பு, அதைச் செய்யச் சமூகத்துக்குச் சராசரியாகத் தேவைப்படும் உழைப்பு நேரத்தைப் பொறுத்தது. அந்த உழைப்புக்கு எவ்வளவு கூலி கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம். மார்க்ஸ் போட்ட கணக்கையே பாருங்கள்: நூற்பாலைத் தொழிலாளி 12 மணி நேரம் உழைத்து, பஞ்சின் மேல் 6 ஷில்லிங் புதுமதிப்பைச் சேர்க்கிறார். அவருக்குக் கூலி 3 ஷில்லிங், மிச்சம் 3 முதலாளிக்கு. கூலி 4 ஆனால் முதலாளிக்கு 2 மிஞ்சும். நூலில் ஏறிய மதிப்பு அதே 6தான். குறைவது லாபம். அதனால்தான் அவ்வளவு கூச்சல்.

'சராசரி' என்ற சொல்லுக்குள் ஒரு கொடுமையும் உண்டு. விசைத்தறி வந்தபின் இங்கிலாந்தின் கைத்தறி நெசவாளி முன்போலவே மணிக்கணக்கில் நெய்தார். ஆனால் அவருடைய ஒரு மணி நேரம் சந்தையில் அரை மணி நேரமாகத்தான் மதிக்கப்பட்டது என்று மார்க்ஸின் 'மூலதனம்' நூலின் முதல் அத்தியாயம் காட்டுகிறது. நம் நெசவாளர் குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கூலி உயர்ந்ததும் அத்தியாவசியப் பொருள்களின் விலை கொஞ்ச காலம் ஏறக்கூடும், மூலதனம் அப்பொருள்களின் உற்பத்திப் பக்கம் பாய்ந்ததும் இறங்கிவிடும் என்பதையும் மார்க்ஸ் மறைக்கவில்லை. அவர் கையில் சான்றும் இருந்தது. 1849 முதல் 1859 வரை பிரிட்டனில் விவசாயக் கூலி உயர்ந்தது. கோதுமை விலையோ இறங்கியது.

வெஸ்டனுக்கு மார்க்ஸ் அளித்த அந்த விடையுரை 'கூலி, விலை, லாபம்' என்ற சிறு நூலாகத் தமிழில் இருக்கிறது. அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்குப் போகும் தோழர்கள் அதை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். விலைவாசியைக் காட்டி மிரட்டினால், லாபக் கணக்கை மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள்.