சஹனில் போடும் உப்பு யாருடைய முடிவு?



சிலருக்குக் கோபம் வரும் பதிவு இது. வரட்டும்.

2025இல் உப்புத் தட்டுப்பாடு வந்தபோது ஒரு பக்கெட்டுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினோம். சுற்றிவரக் கடல் இருக்கும் நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்கியது என்று பேசாத வாய் இல்லை. உப்பு கூடிப்போய் நம் வீடுகளில் நடப்பதைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விடுவதில்லை. பிரஷர் குளிசை இல்லாத வீட்டை விரல் விட்டு எண்ணலாம். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர்களையும், இரத்தம் சுத்திகரிக்கப் போய் வருபவர்களையும் நாம் எல்லோரும் அறிவோம்.

அவர்களுடைய கிளினிக் கொப்பியில் "உப்பைக் குறைக்கவும்" என்று எழுதியிருக்கிறது. கேட்கவில்லை என்று அவர்களைத்தான் திட்டுகிறோம். நான் கேட்கிறேன்: எப்படிக் கேட்பது? வலீமாவுக்குப் போனால் ஆறு பேருக்கு ஒரு சஹன். பிரஷர்காரருக்கு என்று ஒரு மூலையில் உப்புக் குறைத்துப் பரிமாற முடியுமா? புரியாணியில் உப்பு, கோழிப் பொரியலில் உப்பு, அச்சாறில் உப்பு. எழும்பிப் போனால் மரியாதையில்லை. நோயாளிக்கு உபதேசம் செய்துவிட்டு உப்புக் கரண்டியை வேறொருவர் கையில் கொடுத்து வைத்திருக்கிறோம்.

தரம் 10 பிள்ளைகளுக்கு நான் சொல்லும் விஞ்ஞானம் இவ்வளவுதான். உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். அது கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதே குழாய்களுக்குள் கூடுதல் இரத்தம் ஓடினால் அழுத்தம் ஏறும், இதயம் கூடுதலாகத் தள்ள வேண்டும், சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்கள் தேயும். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவருக்கு வைத்திருக்கும் எல்லை ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி. உலக சராசரி 10.8 கிராம் என்று 2023இல் அதே நிறுவனம் சொன்னது. நாம் அதைவிடக் குறைவு என்று நினைப்பவர்கள், கருவாட்டுப் பொரியலும் மாசிச் சம்பலும் வைத்துச் சாப்பிட்ட ஒரு நாளை எண்ணிப் பார்க்கட்டும்.

"கறியில் அளவாகத்தான் போடுகிறோம்" என்பார்கள் தாத்தாமார். உண்மைதான், உப்பு டப்பாவிலிருந்து அளவாகத்தான் போடுகிறீர்கள். பிறகு சூப் கட்டி இரண்டு, சோயா சோஸ் ஒரு சுற்று. சூப் கட்டியில் பெரும்பங்கு உப்புத்தான், பெட்டியின் பின்புறம் பாருங்கள். நூடில்ஸ் பக்கெட்டில் சோடியம் 800 மில்லிகிராம் என்று இருந்தால் 2.5ஆல் பெருக்குங்கள். 2 கிராம் உப்பு. பக்கெட்டின் முன்னால் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக்குறி போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பிள்ளைக்கு வாங்கும்போது எத்தனை பேர் அதைப் பார்க்கிறோம்? ஸ்கூல் கேட்டில் உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி விற்கும் வெரளிக்காய்க்கு அந்த நிறக்குறியும் கிடையாது.

இந்துப்பு நல்லது என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் நானாமாருக்கு: ரோஸ் நிறமாக இருந்தாலும் அதுவும் சோடியம் குளோரைட்தான். உப்பைத் தொட்டுச் சாப்பாட்டைத் தொடங்கினால் எழுபது நோய்க்கு மருந்து என்று ஹதீஸ் சொல்பவர்களுக்கு: இப்னுல் ஜவ்ஸி அதை இட்டுக்கட்டப்பட்ட செய்திகளின் தொகுப்பில் சேர்த்து எண்ணூறு வருடத்துக்கு மேலாகிறது. மௌத்து எழுதியபடி வரும் என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. அவர்களும் குளிசையைப் போட்டுக்கொண்டுதான் அதைச் சொல்கிறார்கள்.

மிஞ்சுவது சுவை. உப்புக் குறைந்தால் கல்யாண வீட்டைக் குறை சொல்வார்களாம். நாக்கு சில வாரங்களில் குறைந்த உப்புக்குப் பழகிவிடும். அதுவரை சஹனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்பு வையுங்கள். வேண்டியவர் தன் பக்கம் தூவிக்கொள்ளட்டும். குறைந்த உப்பைக் கூட்டலாம், போட்டதை எடுக்க முடியாது. ஆகவே சஹனில் இருக்கும் நோயாளிக்குத்தான் அளவு வைக்க வேண்டும், பக்கத்தில் இருக்கும் இருபது வயதுப் பொடியனுக்கு அல்ல.

வீட்டுக் கல்யாணம் அவரவர் விருப்பம் என்பீர்கள். சரி. நோன்புக் கஞ்சி ஊர்க் காசில் காய்ச்சுவது. பகல் முழுக்கத் தண்ணீர் படாத வயிற்றில் முதலில் இறங்குவது. அதை வாளியில் வாங்கிக்கொண்டு போய்க் குடிப்பது வீட்டில் இருக்கும் வயதான உம்மாமாரும் வாப்பாமாரும்தான். பள்ளி நிர்வாகத்திடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. ஷஃபானில் கஞ்சிக்குச் சாமான் லிஸ்ட் போடும்போது உப்பு எத்தனை கிலோ, சூப் கட்டி எத்தனை பெட்டி, எத்தனை பேருக்கு என்று எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். வகுத்தல் கணக்கை நாங்கள் செய்துகொள்கிறோம்.